குட்டி ஏடிவிக்கு ஒரு பிரேக் கேபிள்

லிஃப்ட் மெக்கானிக்கான அவள், ஒன்பது வயது மகளுக்காக, மேடு பள்ளத்தில் ஓடும் நாலு சக்கர ஏடிவி ஒன்றை மலிவாக வாங்கி வந்தாள். சீட் கிழிந்திருந்தது. ஸ்டார்ட்டும் ஆகவில்லை.

"நல்லா உன் தலையில கட்டிட்டாங்க," என்று சிரித்தான் கணவன்.

"இருபது மாடி லிஃப்டையே ஓட வைக்கிறேன். இது என்ன சுண்டைக்காய்!"

கார்புரேட்டரைக் கழற்றினாள். பழைய பெட்ரோல் பிசினாக இறுகி உள்துளையை அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்து மாட்டியதும், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு உறுமியது. மகள் ஹெல்மெட்டோடு பாய்ந்து ஏறினாள்.

அம்மா பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். தொளதொளவென்று இருந்தது. உடனே எஞ்சினை அணைத்தாள்.

"அதான் ஓடுதேம்மா!"

"ஓடினா போதுமாடி? நிக்க வேணாமா?"

மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அம்மா மசியவில்லை.

மறுநாள் மாலை புது கேபிள் மாட்டி, வேகம் கூடாதபடி ஆக்ஸிலரேட்டர் திருகையும் இறுக்கினாள். காலி மைதானத்தில் சாக்பீஸ் தூளால் கோடு போட்டாள். முதல் தடவை மகள் கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். மூன்றாவது தடவை முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் வண்டி கச்சிதமாக நின்றது.

"இப்ப சுத்துடி, எத்தனை ரவுண்டு வேணும்னாலும்!" என்று கத்தினாள் அம்மா.