அப்பா விட்டுக்கொடுத்த மூன்று டோக்கன்கள்

புனேயில் ஹிஞ்சவாடி டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் காலேஜ் கடைசி வருஷத்து வியாழக்கிழமைகள் ஞாபகம் வந்து தொலைக்கின்றன. காலை ஆறரைக்கே அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு தேஹு ரோடு போவேன். முன்னாள் ராணுவத்தினருக்கான கிளினிக் அங்கேதான். பல் டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வருவார். ஒரே நாற்காலி, எட்டே டோக்கன்.

அப்பா ரிட்டயர் ஆன ஹவில்தார். கடைவாய்ப் பல்லில் சொத்தை. "சீக்கிரம் வந்தால் காப்பாற்றலாம், இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா முதல் தடவையே சொல்லிவிட்டார்.

அடுத்த வியாழன் மூன்றாம் நம்பர் டோக்கன் கிடைத்தது. வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் அது அப்பாவைவிட ரேங்கில் பெரிய ஒரு சுபேதார் கையில் இருந்தது.

"சாப் நின்னுனு இருக்காரு. நான் உக்காந்துனு இருக்கறதா?"

"ரிட்டயர் ஆயி பத்து வருஷம் ஆச்சுப்பா! இங்க எல்லாரும் பேஷன்ட்தான்."

"உனக்கு இன்னா தெரியும், போ பாப்பா."

அதற்கடுத்த வாரமும் இதே கதை. மூன்றாம் வாரம் வாங்கிப் போனவருக்கு வலிகூட இல்லை, பல்செட் கொஞ்சம் இறுக்கமாம். செம கடுப்பு எனக்கு. அப்பா கன்னம் வீங்கி, பாவ் ரொட்டியை டீயில் ஊறவைத்து ஒரு பக்கமாக மென்றுகொண்டிருந்தார்.

நேராக டாக்டரம்மாவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். டோக்கனில் பேரையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள், ரேங்க் வேண்டாம் என்றேன். "இங்கே வருகிற பாதிப் பேருக்கு இதே வியாதிதான்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். ஆனால் எழுதினார்.

நான்காம் வாரம் ஒரு சுபேதார் மேஜர் உள்ளே நுழைந்தார். ஸ்பிரிங் மாதிரி எழுந்து சீட்டை நீட்டினார் அப்பா. அவர் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "இதில் உன் பெயர் இருக்கிறதே, நான் எப்படிப் போவது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் விறைப்பாக நின்றார். பெயரைக் கூப்பிட்டும் நகரவில்லை.

"ஜாவூம், சாப்?" போகலாமா என்று சுபேதார் மேஜரிடம் உத்தரவு கேட்டார்.

"ஜா, ஜா."

அப்புறம்தான் உள்ளே போனார்.

பல் பிழைக்கவில்லை. "மூன்று வாரம் முன்னால் என்றால் பிழைத்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. பக்கத்துப் பல்லையாவது காப்பாற்ற முடிந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பஞ்சைக் கடித்துக்கொண்டே அப்பா குழறினார்:

"சாப்புக்கு எத்தினி மணிக்கு குட்த்துருக்காங்கோ? கேட்டியா?"