பேரீச்சம்பழத்துக்குப் போன விளக்கு

எங்கள் உம்மாவுக்கு எந்தச் சாமானையும் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகத் தெரியாது. தெருவில் ஒரு துருப்பிடித்த கதவுக்கீல் கிடந்தால்கூட நின்றுவிடுவாள். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் மற்ற பெண்கள் பிரியாணியைப் பற்றியும் நகையைப் பற்றியும் பேசுவார்கள். உம்மாவோ, “அவங்க மாடிப்படிக்குக் கீழ ஒரு பழைய கடிகாரப் பெட்டி கெடக்கு, பாத்தியளா?” என்பாள். யார் பார்த்தார்கள்? அந்த வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. இன்றைக்கு என் வீட்டு அலமாரியில் துணி வைக்க இடமில்லை, காலி பாட்டில்களும் அறுந்த பாசிமணிகளும்தான் அடைத்துக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்காரர் கேட்டால், என்றைக்காவது உதவும் என்று சொல்லி வாயை அடைத்துவிடுகிறேன்.

அப்போது மேலப்பாளையத்தில் பெரியவாப்பா குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். வாப்பா சவூதியில் வேலை பார்த்தார். ஊருக்கு வருகிறவர்கள் கையில் சோப்பு, பேரீச்சம்பழம், அத்தர் என்று கொடுத்துவிடுவார். அத்தரை வீடே பூசித் தீர்க்கும். காலியான குப்பிகள் மட்டும் உம்மாவுக்கு. சிவப்பு, பச்சை, தேன் நிறம் என்று விரல் அளவுக்குக் குட்டிக் குட்டிக் குப்பிகள். அவற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு பால்பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் காற்றில் பெரியவாப்பாவின் குடை கிழிந்து, கம்பி மட்டும் மிஞ்சியது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வள்ளியூரில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, பழைய சாமான் விற்றவரிடம் ஓர் அரிக்கேன் விளக்கின் பித்தளைத் தலைப்பாகம் வாங்கினாள். பச்சையாகக் களிம்பேறிக் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கிவிட்டாள். எரிந்துபோன மோட்டாரிலிருந்து செப்புக் கம்பி. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து வீடே கண்ணயரும் நேரத்தில், குடைக்கம்பி ஒவ்வொன்றிலும் குப்பிகளை அந்தக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவாள். கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. அசைந்தால் தலையில் ஒரு குட்டு விழும்.

வேலை முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்து பல்பு போட்டுக் காட்டினாள். சுவரெல்லாம் சிவப்பும் பச்சையுமாக நடுங்கியது. “சர்பத் கடை மாதிரி இருக்கு உம்மா” என்றேன். அவளுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! பெருநாளைக்கு வாப்பா லீவில் வருவதாக இருந்தது. அவர் வருகிற அன்றைக்கு எங்கள் அறையில் மாட்ட வேண்டும், அதுவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, விளக்கைப் பழைய சேலையில் சுற்றி, சாக்கில் போட்டுப் படிக்குக் கீழேயே வைத்தாள்.

நோன்புக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது எங்கள் தெரு வழக்கம். அந்த வாரம் பார்த்து மாமாவின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து, உம்மா கடையநல்லூருக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் இருந்ததால் என்னைக் கூட்டிப்போகவில்லை. வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டான். பெரியம்மா படிக்குக் கீழே கிடந்ததையெல்லாம் வாசலுக்கு இழுத்துப் போட்டாள். சரியாக அந்த நேரத்தில்தானா பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும்?

வீட்டுக்குள் சவூதிப் பேரீச்சம்பழம் டின் நிறைய இருந்தது. ஆனால் அதைப் பெரியம்மா எண்ணித்தான் கொடுப்பாள். வண்டிக்காரர் பழமோ ஈயும் மண்ணுமாக, நசுங்கி, காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அதன் ருசியே தனி. பிள்ளைகள் எல்லோரும் பெரியம்மாவைச் சுற்றி நின்று குதித்தோம். ஓட்டை வாளி போயிற்று, உடைந்த கட்டில் கால் போயிற்று, வாய் கட்டியிருந்த ஒரு சாக்கும் போயிற்று. அந்தச் சாக்கு எது என்று எனக்கு உறைக்கவே இல்லை. நான் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மா திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் படிக்குக் கீழே குனிந்தாள். அங்கே சுண்ணாம்பு வாசனைதான் இருந்தது.

“லாத்தா, இங்கன ஒரு சாக்கு இருந்துச்சே?”

“அந்தக் கம்பியும் குப்பியுமா? குப்பைன்னுல்லா நெனச்சேன். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேனே!” என்ற பெரியம்மாவுக்கு, உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “யா அல்லாஹ், வேணும்னு வச்சிருந்தியா? ஒரு வார்த்த சொல்லப்படாதாளா?”

உம்மா துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். வண்டிக்காரர் சரக்கையெல்லாம் பெரிய ரோட்டில் இருந்த பழைய இரும்புக்கடையில்தான் போடுவார். அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓடினேன். வாப்பா வர இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. குப்பிகள் உடைந்திருக்குமோ, கம்பியை உருவி எடைக்குப் போட்டிருப்பார்களோ என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

உடையவில்லை. கடை வாசலில், எல்லாச் சாமானுக்கும் முன்னால், வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கியது எங்கள் விளக்கு. அதன் கீழே கண்ணாடி போட்ட ஓர் அம்மா அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த டீச்சர் என்பது கடைக்காரர் பேச்சில் தெரிந்தது.

“ஜமீன் வீட்டுச் சாமான் டீச்சர். தாத்தா காலத்துது. இந்தக் குப்பியெல்லாம் இப்ப எங்கன கெடைக்கு?” என்று அவர் அளந்துகொண்டிருந்தார். அந்த அத்தரில் கடைசிக் குப்பியை ஆடி மாதம்தான் நான் பூசித் தீர்த்திருந்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். உம்மா என் விரல்களை நெரித்தாள்.

டீச்சர் ஒரு குப்பியைத் தொட்டுத் திருப்பினார். “எந்த ஆசாரி செஞ்சானோ! ஒவ்வொரு முடிச்சையும் பாருங்க, எப்படி ஒரே மாதிரி இருக்கு” என்றார். பிறகு விலை கேட்டார். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். டீச்சர் அதில் பாதிக்குக் கேட்டார். பழைய சாமானுக்கு இதுவே அதிகம் என்று நகரவும் பார்த்தார்.

அப்போதுதான் உம்மா பேசினாள். கேட்க வந்ததைக் கேட்பாள் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவளோ, “அப்படிச் சொல்லாதிய டீச்சர். இதுல உள்ள வேலைக்கு அண்ணாச்சி சொன்ன வெலையே கொறச்சல்தான்” என்றாள்.

கடைக்காரருக்கே தூக்கிவாரிப்போட்டது. யார் பெற்ற பிள்ளையோ, வந்து தனக்காகப் பேசுகிறது! டீச்சர் உம்மாவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், பையைத் திறந்தார். முழு விலையையும் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டாளா? ஆட்டோவில் ஏற்றும்போது கூடவே போய் நின்றாள். “பெரிய பல்பு போட்டுராதிய. சூட்டுல குப்பி விரிஞ்சிரும். நாப்பது போதும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் டீச்சர்.

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு” என்றாள் உம்மா.

திரும்பி வரும்போது நான் தெரு நெடுக அழுதேன். உம்மா எனக்குப் பால்கோவா வாங்கித் தந்தாள், என்றைக்கும் வாங்கித் தராதவள். வீட்டு வாசலில் கலங்கிப்போய் நின்ற பெரியம்மாவிடம், “வித்துப்போச்சு லாத்தா, போட்டும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பெருநாளைக்கு வந்த வாப்பாவிடம் நான்தான் முறையிட்டேன். அவர் உம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாரே தவிர, போய்க் கேட்போம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவர்களை நம்பிப் பயனில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

அதற்குப் பிறகு டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போகும்போதெல்லாம் உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வருவாள். விளக்கு வைக்கும் நேரமென்றால் கேட்கவே வேண்டாம். தேடுகிறாள், கண்டுபிடித்துத் திருப்பி வாங்கப்போகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வலப்பக்க வீடுகளை அவளுக்கு விட்டுவிட்டு, இடப்பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

ஒரு நாள் பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லி முடித்த நேரம். திரும்பி வரும்போது ஏதோ ஊர்வலத்துக்காக பஸ் நின்றுவிட்டது. என் பக்கத்தில் ஒரு மாடிவீடு, ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சுவரெல்லாம் சிவப்பும் பச்சையும்.

“உம்மா, அந்தா! நம்ம வெளக்கு! வா, எறங்குவோம்” என்று கத்திக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

உம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். என் தலைக்கு மேலாகக் குனிந்து எட்டிப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே ஒரு பையன் மேசையில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

“பைய பேசுளா. பிள்ள எழுதுதான்லா” என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. அவள் கழுத்தைத் திருப்பி, அந்தத் தெரு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு காலம் தேடி, நான் கண்டுபிடித்தும் கொடுத்து, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் விட்டுவிட்டு வருகிறவளை என்ன சொல்வது? வீடு போய்ச் சேரும்வரை பேசுவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் பேசாமல் வந்ததை உம்மா கவனிக்கவே இல்லை.