கம்பளி அக்காவின் கை

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் அவளைக் கம்பளி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுவைக்கு வந்தவர் குளிரில் நடுங்கினால், சூடேற்றும் அலமாரியிலிருந்து கம்பளியை எடுத்து வந்து போர்த்துவது அவள் வேலை. அதற்கு முன்பு பல வருஷம் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஆவி பறக்கும் துணியை வாரிப் பிழிந்து உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அங்கே ஒருவரும் அவளிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை. இங்கே எப்பேர்ப்பட்ட மனிதர்களும் கம்பளி மேலே பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு அவளை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துக்கு அவள் அடிமையாகிப் போனாள்.

ஐம்பத்து நான்கு டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று அலமாரிக் கதவில் தாள் ஒட்டியிருந்தது. ஆனால் தியேட்டர் குளிரில் கம்பளி எடுத்த கையோடு ஆறிவிடும். நோயாளிகள் முணுமுணுத்தார்கள். டாக்டர்கள் முகம் சுளித்தார்கள். ஒருநாள் தலைமை நர்ஸ் போகிற போக்கில், கொஞ்சம் கூட்டி வையேன், உன் கைக்குத் தெரியாத சூடா என்று சொல்லிவிட்டுப் போனாள். கம்பளி அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குமிழைத் திருகி எழுபதில் வைத்தாள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு கம்பளியையும் தடவிப் பார்க்காமல் கொடுத்ததில்லை. எல்லாமே அவள் கைக்கு இளஞ்சூடாகத்தான் பட்டது.

லாரி ஓட்டுகிற ஒருவர் முழங்கால் அறுவைக்கு வந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது. பல் கிட்டித்தது. அவள் ஒரு கம்பளியை மார்பில் விரித்தாள். இன்னொன்றை நாலாக மடித்து, நல்ல காலின் பாதத்தைச் சுற்றி இறுகச் செருகினாள். விரித்தது சட்டென்று ஆறியது. மடித்தது உள்ளே சூட்டை அடைகாத்தது.

"இப்பத்தாம்மா உயிரு வந்துச்சு," என்றார் அவர்.

அறுவை முடிந்து கம்பளியை உருவியபோது பாதத்தின் தோலும் கூடவே வந்தது.

விசாரணையில் தலைமை நர்ஸ், தாளில் எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று இவளைத்தான் கேட்டாள். கூட்டி வைக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றாள் இவள். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? நர்ஸ் லேசாகச் சிரித்ததோடு சரி. தன் கை பொய் சொல்லாது என்று கம்பளி அக்கா மறுபடி மறுபடி சாதித்தாள். தோல் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்தார்.

"எதும்மா சூடு?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்," என்றாள் அவள்.

கண்ணைத் திறந்தாள். ஒன்றில் பச்சைத்தண்ணீர். இன்னொன்றில் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வார்டுக்குப் போனாள். டிரைவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"அவருக்கு மரத்துப்போயிருந்துச்சு, தெரியல. உங்களுக்குமா தெரியல?"

தனக்கும் மரத்துத்தான் போயிருந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சாக்குச் சொல்வதாக ஆகும். திரும்பி வந்துவிட்டாள்.

அலமாரிக் குமிழுக்குப் பூட்டுப் போட்டார்கள். சாவி தலைமை நர்ஸிடம் போனது. கம்பளி அக்காவைப் பழையபடி சலவைக்கூடத்துக்கே மாற்றினார்கள். உணர்ச்சியற்ற கைக்கு அதுதான் தோதான இடம் என்று நினைத்தார்களோ என்னவோ. கையைத் தின்றதே அந்த இடம்தான் என்று ஒருவரும் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் கணவருக்குச் சர்க்கரை வியாதி, பாதத்தில் உணர்ச்சி குறைவு. தினமும் அவள்தான் வெந்நீர் விளாவி அவரைக் குளிப்பாட்டுவாள். சங்கதி தெரிந்த மறுநாள் அவர் வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "நீ போய்ப் படு. நானே குளிச்சுக்கிறேன்," என்றார்.

அவள் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். உள்ளே அவர் இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.