பேர் சொல்லாத பேச்சித்தாய்

வன்னியம்பட்டி பேச்சித்தாய்க்கு வாய் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். பஸ்ஸில் கண்டக்டர்கூட அவளிடம் மல்லுக்கு நிற்க மாட்டார். அப்படிப்பட்டவள் இங்கிலீஷ் வகுப்பில் வாயடைத்து நின்றாள்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற ஒரு மில்லில் அவளுக்குப் பேக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடியே செய்வது. காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, இனிமேல் இப்படி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, ஆண்டவன் கண் திறந்ததுபோல, மில்லில் ஒரு சூப்பர்வைசர் வேலை வந்தது. வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். மற்ற நேரம் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை. இங்கிலீஷில் பேசிக் காட்டுகிறவளுக்குத்தான் அந்த வேலை. கிடைக்காவிட்டால் பேச்சித்தாய் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

ஷிஃப்ட் முடிந்ததும் மில்லிலேயே வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள் பியூலா, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னாள். வேலைக்கு வைக்கிற பரீட்சையிலும் அதுதான் முதல் கேள்வி.

"மை நேம் இஸ் பேச்சித்தாய். மை வில்லேஜ் வன்னியம்பட்டி. மை ஹஸ்பண்ட் நேம் இஸ்..."

அதோடு சரி. எத்தனை தரம் எழுப்பிவிட்டாலும் அந்த இடத்தில் வண்டி நின்றுவிடும்.

"ஏட்டி, பேச்சின்னு பேரை வச்சுக்கிட்டு இப்படி முழிக்கியே!" என்று பக்கத்திலிருந்த ரமீஜா இடித்தாள். பிறகு அவளே டீச்சரிடம் சொன்னாள்: "அவ வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டா டீச்சர். சொன்னா அவிய ஆயுசு குறைஞ்சிருமாம்."

சிவபாண்டி என்கிற அந்தப் பேர் தெருவுக்கே தெரியும். அவள் வாயில் மட்டும் வந்ததில்லை. தென்னையிலிருந்து விழுந்து அவர் உயிர் பிழைத்த பிறகு, அவள் இன்னும் கண்டிப்பு.

பியூலா சிரித்தாள். "பேச்சியக்கா, இங்கிலீஷ்ல சொன்னா ஒண்ணும் ஆகாது."

"ஏன் டீச்சர், சாமிக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

வகுப்பே குலுங்கியது. பியூலாவுக்கோ சுருக்கென்றது. அவளும் ஜெபம் பண்ணுகிறவள். எந்தப் பாஷையில் சொன்னாலும் மேலே கேட்கும் என்று நம்புகிறவள்.

"சரிக்கா, ரேஷன் கடையில வீட்டுக்காரர் பேரைக் கேட்டா என்ன செய்வீங்க?"

"விடுகதை போடுவேன். கடைக்காரக கண்டுபிடிச்சுக்கிடுவாக."

"அப்ப அதையே இங்கிலீஷ்ல போடுங்க. பேரைச் சொன்னா ஒரு வார்த்தையோட முடிஞ்சிரும். இதுல எம்புட்டு வார்த்தை பேசலாம்!"

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் விடுகதைதான். மீனுக்கு இங்கிலீஷில் என்ன, கொடிக்கு என்ன என்று ஆளாளுக்கு வார்த்தை தேடிக் கொடுத்தார்கள்.

பரீட்சை நாள் வந்தது. கேள்வி கேட்டவர் மில் அதிகாரி பென்சன். பியூலா ஓர் ஓரமாக நின்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஹஸ்பண்ட் நேம்?" என்றார் அதிகாரி.

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மை கஸ்டம், நோ டெல்லிங் சார். ஐ கிவ் க்ளூ. யூ டெல். ஃபர்ஸ்ட், சதுரகிரி மவுண்டன் காட்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மகாலிங்கம்?"

"சேம் காட் சார். பட் ஸ்மால் நேம். ஒன்லி டூ லெட்டர்ஸ்."

"சிவ!"

"எஸ் சார். நெக்ஸ்ட், மதுரை கிங்."

"நாயக்கர்?"

"நோ சார். பிஃபோர் நாயக்கர். ஹிஸ் ஃபிளாக், ஃபிஷ்."

"பாண்டியன்!"

"லாஸ்ட் டூ லெட்டர்ஸ் கட் சார்."

"சிவபாண்டி!" என்று அதிகாரி மேசையைத் தட்டிக் கத்தியே விட்டார்.

"கரெக்ட் சார்! வெரி குட்!"

அவருக்குச் சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. "பரீட்சை யாருக்கும்மா, உங்களுக்கா எனக்கா?" என்றார். அப்புறம் துணியைப் பற்றி, பேக்கிங்கைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் மடை திறந்ததுபோல் பதில் வந்தது. சாயங்காலமே சொல்லிவிட்டார்கள், வேலை பேச்சித்தாய்க்குத்தான். ரமீஜா போட்ட குலவையில் பேக்கிங் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குள் நுழைந்தவளிடம் சிவபாண்டி கேட்டார்: "என்னட்டி கேட்டாக?"

"உங்களைப் பத்தித்தான்."

"ஐயையோ, என் பேரைச் சொல்லிட்டியா?"

"நானா? அந்த அதிகாரி வாயால கத்திச் சொல்ல வச்சேன்ல!"