மதினியின் மிக்ஸிங்

ஒரு கல்யாண அழைப்பு வீடியோவுக்கு நாங்கள் செய்த பாட்டில் ஹை-ஹேட் சத்தம் ஊசி மாதிரி காதில் இறங்கியது. டிரம்ஸில் காலால் மிதித்தால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டுதான் ஹை-ஹேட். பின்னால் அடங்கிக் கிடக்க வேண்டியது, அன்றைக்குப் பாடியவளை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. பாடியவள் நான், எரிச்சல் வராதா? என் குரலை அமுக்கத்தான் இப்படிக் கூட்டி வைத்தீர்களா என்று கேட்டேன். மதினி சிரித்தாள். "எங்கட்டி கூடியிருக்கு? இன்னுங் கொஞ்சம் கூட்டணும்னுல்லா நெனச்சேன்" என்றாள். என்னைச் சீண்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

மதினி என் அண்ணன் மனைவி, கடற்கரைக்காரி. மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தபடியே இரண்டாம் குரல் பாடியவள். கல்யாணமாகி அம்பாசமுத்திரத்துக்கு வந்தபோது கடலை விட்டதைவிடக் கீபோர்டை விட்டதுதான் அவளுக்குப் பெரிய குறை. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான்; அவனுடைய லேப்டாப் எங்களிடம் மாட்டியது. யூடியூபைப் பார்த்துப் பார்த்து இசைக்கோப்பு கற்றுக்கொண்டோம். கற்றது அவள், கூட உட்கார்ந்து கேள்வி கேட்டே உயிரை வாங்கியது நான். மதியச் சோறு முடிந்ததும் அறைக் கதவைச் சாத்தி, எதிரொலிக்காமல் இருக்க மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி வைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பாடுவேன். வேர்வையில் நனைந்து வெளியே வரும்போது, எதற்கு இந்தப் பாடு என்று அம்மா கேட்பாள்.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நிறுத்துவது என்பதில்தான் மதினிக்குக் கண். பல்லவி வருவதற்கு முந்திய நொடியில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிடுவாள். அந்த வெறுமைக்குப் பிறகு பல்லவி வந்து விழும்போது மயிர்க்கூச்செறியும். பெரிய டிரம்மின் அடி விழும் இடத்தில், அடிநாதம் தரும் பேஸ் கிடாரின் சத்தத்தைக் கொஞ்சம் தணிக்க வேண்டும் என்பது எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. "பஸ்ஸுல எறங்குதவங்கள எறங்க விட்டுட்டுத்தான ஏறுதோம்? அதேதான்" என்றாள். இன்றைக்கும் அந்த வேலையைச் செய்யும்போது பஸ் படிக்கட்டுதான் எனக்கு நினைவு வருகிறது.

எங்களுக்கு வேலை தந்தவர் முக்கூடலில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி. அவரும் அந்தக் கல்யாணப் பாட்டைத் திருப்பி அனுப்பினார், காதைக் கிழிக்கிறதாம். அப்போதுதான் பழைய பாட்டுகளையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றைவிட அடுத்தது கூர்மையாக இருந்தது. என் பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் சீறியது. குக்கர் விசில் மதினிக்குக் கேட்காமல் பருப்பு அடிப்பிடித்ததும், வாசல் மணிக்கு நானே ஓட வேண்டியிருந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கேட்காத சத்தத்தைத்தான் அவள் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள்.

பாளையங்கோட்டையில் காது டாக்டர் சோதித்து, வரைபடத்தை மேசையில் வைத்தார். கோடு பாதிவரை நேராக வந்து பிறகு கீழே சரிந்தது. டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே மதினி அதைப் படித்துவிட்டாள். "மேல் சத்தத்தை வெட்டி விட்ட மாதிரில்லா இருக்கு" என்றாள். பாட்டில் கூரான ஒலிகளைக் குறைக்க அவள் திரையில் தினமும் போடுகிற கோடு அது. நரம்புக் கோளாறு, போனது திரும்பாது, மீதியும் மெல்லக் குறையலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தபின் மதினி சொன்னாள், "மேல உள்ளத நீ பாத்துக்க. கீழ நான் பாத்துக்கிடுதேன்."

அப்படியே ஒரு பாட்டை இருவருமாகப் பகுத்துக்கொண்டு வேலை செய்தோம். எங்களுடைய நல்ல பாட்டுகள் அந்த நாட்களில் வந்தவைதாம். பிறகு கீழ்ச் சத்தங்களும் அவளை விட்டுப் போகத் தொடங்கின. காதுக் கருவி பேச்சுக்கு உதவியது. பாட்டு அதில் தகர டப்பாவை உருட்டுவதுபோல இருக்கிறது என்றாள். ஒருநாள் பல்லவி பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டு, இனி நீயே பார் என்று எழுந்து போனாள். அவள் அழவில்லை. நான்தான் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். ஆண்டவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

இப்போது நான் தனியாகத்தான் பாட்டுச் செய்கிறேன். போன வாரம் ஒன்றைப் பாடிப் பதிவு செய்தபோது மதினி எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் பழக்க தோஷத்தில் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளோ, நன்றாக இருக்கிறது என்றாள். எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம் மதினி என்றேன்.

"பொய்யில்லட்டி. நீ வாயசைக்கதப் பாத்தாலே ஓன் கொரலு உள்ள தானா ஓடுது. முந்தி பாடுவேல்லா, அந்தக் கொரலு."

அந்தப் பாட்டைச் சுருதி இறக்கித்தான் பாடியிருந்தேன். மேல் ஸ்தாயி என் குரலுக்கு இப்போது எட்டுவதில்லை. மதினியிடம் அதைச் சொல்லவில்லை.