அமாவாசையன்று கழற்றிய சக்கரம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி அமாவாசையன்று, காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அமாவாசை என்றால் எங்கள் தெருவில் தறிக்கு விடுமுறை. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று மட்டும் தெருவே தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். பெண்கள் கோயிலுக்குப் போவார்கள். ஆண்கள் வண்டியைத் துடைப்பார்கள், ஓட்டு மேல் ஏறி ஒழுகுகிற இடத்தைப் பார்ப்பார்கள். நான் என் காரின் பின்சக்கரத்தைக் கழற்றினேன்.

பழைய கார்தான். நெய்த புடவைகளைக் கடைக்குக் கொண்டுபோக என்று வாங்கினேன். கொஞ்ச நாளாகப் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் கீச்சென்று கத்தியது. ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு வா என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கிற ஆளா? பட்டு நூலையே இழை இழையாகப் பிரித்துச் சேர்க்கிற கைக்கு இரண்டு போல்ட் பெரிய விஷயமா என்று மிதப்பாகச் சொன்னேன். போனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். பிரேக் பேட் வாங்கி வந்தேன். ஜாக்கி, ஸ்டாண்டு, பானா எல்லாம் இரவல்.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். வீட்டுப் பக்கத்துச் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்டது. பழைய பேட்டை எடுத்துப் புதியதைப் போட்டு மூடியபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. தெருப் பக்கத்துச் சக்கரம்தான் மக்கர் பண்ணியது. பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பருக்குள் ஒரு பிஸ்டன் இருக்கும். முன்சக்கரத்தில் அதை உள்ளே அழுத்தினால் போதுமாம். என் காரின் பின்சக்கரத்தில் திருகித் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. என்னிடம் இருந்தது மூக்கு நீண்ட குறடு. அரைக்கால் சுற்று திருகினால் வழுக்கும், மறுபடி பிடிக்க வேண்டும். காலிப்பர் தொங்கினால் பிரேக் ஆயில் குழாய் கெட்டுவிடும் என்று தறிக் கயிற்றால் அதை மேலே கட்டியிருந்தேன். முடிச்சு நெகிழ்ந்துவிட்டதால் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டு மறு கையால் திருகிக்கொண்டிருந்தேன். மனைவி காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, கை முழங்கை வரை கரியோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஒரு பைக் நிற்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "மச்சான்" என்று ஒரு குரல்.

என் தங்கையின் கணவர். கடைசியாக நாங்கள் பேசி ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன.

தங்கை அவரைத் தானாகத் தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாகறல் பக்கம், விவசாயக் குடும்பம். நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என்னைக் கேட்கவில்லையே என்ற ரோஷம். கல்யாணத்துக்குப் போகவில்லை. பெண் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டபோது மனசு கேட்காமல், தறியில் ஒரு சின்னப் பட்டுத் துண்டு, பாவாடைக்கு ஆகிற அளவுக்கு, மாம்பழ மஞ்சளில் நெய்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ரோஷம் விடவில்லை. பீரோவிலேயே மூன்று வருடம் கிடந்தது. அப்படிப்பட்ட வீட்டு வாசலுக்குத்தான் அந்த மனிதர் தானாக வந்து நின்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு ஒரு முறை குதித்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. தலையைக்கூட முழுதாகத் திருப்பவில்லை. "வாங்க மாப்ள, உள்ள போய் உக்காருங்க, இதோ வந்துட்டேன்" என்று சக்கரத்தைப் பார்த்தே சொன்னேன். ஓரக்கண்ணில் அவர் கையில் ஏதோ பளபளத்தது. பழமோ பலகாரமோ வாங்கி வந்திருக்கிறார் போல என்று நினைத்து, "அதை வண்டி மேல வைங்க மாப்ள, கையெல்லாம் கரி" என்றேன்.

இதை நான் விளக்கியே ஆக வேண்டும். எங்கள் தெருவில் தறியில் உட்கார்ந்திருப்பவன் யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டான். கோர்வை போட்டு நெய்கிறபோது பாதியில் கையை எடுத்தால் புடவையின் கரையும் உடலும் சேர்கிற இடம் சொதப்பிவிடும். சம்பந்தியே வந்தாலும் அவர்தான் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார். நாங்கள் கையை ஓட்டிக்கொண்டே பதில் சொல்வோம், காப்பி வரும், பேச்சு நடக்கும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. பிறந்ததிலிருந்து அதையே பார்த்து வளர்ந்த உடம்பு, காலிப்பரையும் தறி மாதிரியே நினைத்துவிட்டது. பிடித்த வேலையைப் பாதியில் விடக் கூடாது, அவ்வளவுதான் அந்த நேரத்தில் புத்தியில் இருந்தது.

அவர்கள் ஊரில் வேறு மாதிரி. வாசலில் ஆள் வந்து நின்றால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து, "வாங்க" என்று சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்த பிறகுதான் மற்ற பேச்சு. எழுந்திருக்கவில்லை என்றால் வராதே என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் அவர் அங்கேயே நின்றார் என்று நினைக்கிறேன். அவருடைய நிழல் என் பக்கத்தில் விழுந்திருந்தது. பிறகு பார்த்தால் நிழல் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்திருப்பார் என்று நானும் மும்முரமாகத் திருகினேன். பிஸ்டன் உள்ளே போனது. புது பேட் கச்சிதமாக உட்கார்ந்தது. போல்ட்டை முடுக்கிச் சக்கரத்தை மாட்டி, பிரேக்கை நாலு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, சீயக்காயும் மண்ணெண்ணெயும் போட்டுக் கை கழுவிக்கொண்டு, மாப்பிள்ளையிடம் பெருமையாகக் காட்டலாம் என்று உள்ளே போனேன். கூடத்தில் யாரும் இல்லை. வெளியே வந்து காரின் மேல் பார்த்தேன். அங்கேயும் எதுவும் இல்லை.

டீக்கடை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மனைவி கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தாள். முகம் சரியில்லை. தெருமுனைக் குழாயடியில் என் தங்கையைப் பார்த்தாளாம். "கொழந்தைய இடுப்புல வச்சிக்கினு நின்னுக்கினு இருந்தா. அவரு தாம்பாளத்தோட திரும்பி வந்தாரு. நான் கூப்பிட கூப்பிட பைக்ல ஏறிப் போய்ட்டாங்க. வெத்தலை, பாக்கு, பத்திரிகை எல்லாம் தட்டுல அப்படியே இருந்துது" என்றாள்.

தாம்பாளம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. காது குத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமனை அழைக்க வந்திருக்கிறார்கள். அந்தத் தட்டைத்தான் நான் கார் மேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைச் சொன்னேன். மனைவி கோபப்படவில்லை. "நெஜமாவே எழுந்திருக்க முடியலையா, இல்ல மனசு வரலையா?" என்று மட்டும் கேட்டாள். முடியவில்லை என்றுதான் சொன்னேன். கயிறு நெகிழ்ந்திருந்தது உண்மை. ஆனால் காலிப்பருக்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு எழுந்திருக்கலாம் என்பதும் உண்மை. ஐந்தாறு வருடத்து ரோஷம் அந்தச் செங்கல்லை என் கண்ணில் படவிடாமல் செய்ததோ என்னவோ, இன்றுவரை எனக்கே தெரியாது.

இருவரும் உடனே மாகறலுக்குக் கிளம்பினோம். பிரேக் சத்தமே போடவில்லை. அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. அவர்கள் வீடு பூட்டியிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யார் என்று கேட்டாள். பாப்பாவின் மாமா என்றேன்.

வெயில் தாழ்ந்த பிறகு பைக் வந்தது. முன்னால் குழந்தை தூங்கி வழிந்துகொண்டிருந்தாள். பின்னால் தங்கை. அவள் மடியில் அந்தத் தாம்பாளம், காலியாக.

நான் எழுந்து நின்றேன். காலையில் எழுந்திருக்க வேண்டியவன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, "வாங்க மச்சான், வாங்கக்கா" என்று கதவைத் திறந்தார். முகத்தில் துளி வருத்தம் காட்டவில்லை. சொம்பில் தண்ணீர் வந்தது. வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். காலையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், தறிப் பழக்கத்தைச் சொன்னேன், தட்டில் இருந்தது என்ன என்று பார்க்கவே இல்லை என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குப் புரியுது மச்சான். ஆனா எங்க வீட்ல பெரியவங்க கேட்டா நான் இன்னா சொல்றது? வாலாஜாபாத் மச்சான் கிட்ட தட்டக் குடுத்துட்டோம். ஓடி வந்து ரெண்டு கையாலயும் வாங்கிக்கினாரு. இனிமே மாத்தினா அவருக்கு மரியாதை இல்ல" என்றார்.

வாலாஜாபாத்தில் இருப்பது எங்கள் சித்தப்பா மகன். தங்கைக்கு அவனும் அண்ணன் முறைதான். முறையில் ஒரு குறையும் கிடையாது. நானே அந்த இடத்தில் இருந்தாலும் மாற்றச் சொல்ல மாட்டேன்.

தங்கை குழந்தையை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"தறி ஓடுற நாள்ல வந்தா நீ எழுந்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதாண்ணா? நானும் அந்த வீட்ல பொறந்தவதானே. அதனாலதான் அமாவாசையா பாத்து இவர இட்டுக்கினு வந்தேன். அண்ணன் எழுந்து வந்து தட்ட வாங்கினா நானும் வரேன்னு முனையில நின்னேன். 'அதோ பாரு, உன் மாமா'ன்னு பாப்பாவுக்குக் காட்டினேன். அவ பாத்ததெல்லாம் உன் முதுகுதான்."

நான் அழுதேன். மனைவியும் அழுதாள். தங்கை அழவில்லை, அன்று காலையிலேயே அழுது முடித்திருப்பாள்.

ஆனி பிறந்ததும் மாகறல் சிவன் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தினார்கள். எங்களையும் முறையாக அழைத்தார்கள், போனோம். பீரோவில் கிடந்த பட்டை மனைவி பாவாடையாகத் தைத்துக் கொடுத்திருந்தாள். தங்கை மறுக்காமல் அதையே குழந்தைக்குக் கட்டியிருந்தாள். நான் நெய்த மாம்பழ மஞ்சள் பாவாடையோடு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, என் தங்கையின் மகள் சித்தப்பா மகனின் மடியில் உட்கார்ந்தாள். நான் கூட்டத்தில் நாலாவது ஆளாக நின்றேன். ஊசி இறங்கியதும் அலறினாள். யார் யாரையோ பார்த்துக் கையை நீட்டினாள். என் பக்கமும் பார்த்தாள், ஆனால் யாரோ என்று கடந்து போய்விட்டாள். அவளுக்கு நான் யார் என்று எப்படித் தெரியும்? அவன் மார்பில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அவள் 'மாமா' என்று ஓடுவது அவனிடம்தான். என்னை 'கார் மாமா' என்கிறாள். அதுவே பெரிது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் வாசலில் யார் குரல் கொடுத்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். தறியில் இருந்தாலும்கூட. ஒருமுறை கூரியர் கொடுக்க வந்தவரை எழுந்து போய் உள்ளே அழைத்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தேன். அவர் பயந்துவிட்டார் என்று மனைவி இன்னும் கிண்டல் செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும்.

நான் மாட்டிய பிரேக் இன்றுவரை சத்தமில்லாமல் பிடிக்கிறது; மாகறல் திருப்பத்தில் ஒவ்வொரு முறை அதை மிதிக்கும்போதும், பேட் தேய்ந்தால் இன்னொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஒரு குழந்தைக்குக் காது குத்து ஒருமுறைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.