அண்ணனின் தலையாட்டம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எடப்பாடியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். எனக்கு எழுத வராது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. இறந்தவரை அறுத்துப் பார்க்க ஏன் சம்மதித்தீர்கள் என்று உறவினர்களாகிய நீங்கள் ஓராண்டாக எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் எடப்பாடியில் நெசவுக் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார். ஒரு தைப்பூசத்தன்று எங்கள் அப்பா, முதுகைக் கிழிக்கிற மாதிரி வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. பேய்க்காற்று அடித்துவிட்டது என்றார்கள். மீசை அரும்பாத வயதில் அண்ணன் தறியில் உட்கார்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். என்னைப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களிடம், என்னதான் ஆகிறது பார்ப்போமே என்பாராம். எதையும் திறந்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு. நின்றுபோன கடிகாரத்தை ஒருநாள் பிரித்துப் போட்டார். அது இன்றுவரை பிரிந்தேதான் கிடக்கிறது.

மேட்டூரில் அணை கட்டிய காலத்தில் தறித் தொழில் படுத்துவிட்டது. அங்கே வேலைக்குப் போன அண்ணனின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாராம். இருதயத்தில் சத்தம் இருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறொருவர் என்றால் இடிந்து போயிருப்பார். அண்ணனோ வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு என்னைக் காது வைத்துக் கேட்கச் சொன்னார். ஒரு தட்டு, அதன் பின்னால் உஸ்ஸென்று நீளமாய் ஓர் இழுப்பு. பிறகு அண்ணியை என் நெஞ்சில் கேட்கச் சொன்னார். அந்த இழுப்பு எனக்கு இல்லை. அது என்னவாக இருக்கும் என்று அன்று கேட்க ஆரம்பித்தவர், கடைசிவரை விடவில்லை.

வருடங்கள் போகப் போக அவருடைய கழுத்து நரம்பு துள்ளுவது எட்ட இருந்தே தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் தலை முன்னும் பின்னும் மெல்ல ஆடும். பார்க்கிறவர்களுக்கு ஆமாம் ஆமாம் என்று சொல்வது போலத் தோன்றும். புடவை விலை பேச வரும் வியாபாரிகள், அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று மூட்டையைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். "தலையப் பாக்காதீங்க, வாயப் பாருங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சேலத்துக்குப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். பெரிய ரத்தக்குழாயின் வாயில் கதவு சரியாக மூடாமல் ரத்தம் திரும்பக் கசிகிறது என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். இந்த வயது ஆணுக்கு இப்படி வந்தால் பெண் சகவாசத்தால் வரும் மேகநோய்தான் காரணம் என்றும் சொல்லிவிட்டார். ரத்தத்தை மதராசுக்கு அனுப்பிச் சோதித்ததில் அந்த நோய் இல்லை என்றே பதில் வந்தது. சோதனை சில சமயம் தவறும் என்று சொல்லி வாராவாரம் ஊசி போட்டார். ஊசியின் சமாசாரம் எப்படியோ ராசிபுரத்தில் அண்ணியின் பிறந்த வீட்டுக்கு எட்டிவிட்டது.

அண்ணியின் அண்ணன்மார் பெரியவர்களோடு வந்து கோயில் மண்டபத்தில் பேச்சு வைத்தார்கள். எங்கள் அண்ணனை நடுவில் உட்காரவைத்து, தப்பான சகவாசம் உண்டா என்று கேட்டார்கள். "சாமி சத்தியமா இல்லீங்க" என்றார் அண்ணன். தலையோ ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தது. அது எப்போதும் ஆடும் தலை என்று நான் கத்தினேன். பொட்டைப் பிள்ளை சும்மா இரு என்றார்கள். அண்ணியையும் குழந்தைகளையும் அன்றே ராசிபுரத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.  

அண்ணன் யாரையும் திட்டவில்லை. போன வருடம் சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, தகவல் தெரிந்து அண்ணி தானாகவே புறப்பட்டு வந்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் கஞ்சி ஊட்டினார். அண்ணன்தான் பேச்சை எடுத்தார். "நான் போனப்புறம் அறுத்துப் பாக்கச் சொல்லு. எனக்கும் பாக்கோணும்னு ஆசைதான், என்ன பண்றது" என்றார். மறுநாள் காலை, அப்பா சொன்னது போலவே, முதுகைக் கிழிக்கிறது என்றார். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார்.

மேகநோய் என்று சொன்ன அதே டாக்டரிடம் அண்ணியே போய் அண்ணனின் விருப்பத்தைச் சொன்னார். சம்மதித்த டாக்டர், பெண்கள் வெளியே இருக்கட்டும் என்றார். "ஊரே அதைப் பத்திப் பேசிப்போட்டுதுங்க. நான் மட்டும் பாக்கக் கூடாதுங்களா?" என்று அண்ணி கேட்டார். முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றார் டாக்டர்.

அறுத்து முடித்ததும் இருதயத்தைப் பீங்கான் தட்டில் வைத்துக் காட்டினார்கள். நானும் பார்த்தேன். பயமாக இல்லை; அண்ணன் இருந்தால் எப்படிக் குனிந்து பார்த்திருப்பார் என்றுதான் தோன்றியது. அந்தக் கதவுக்கு எல்லோருக்கும் மூன்று மடல் இருக்குமாம். அண்ணனுக்குப் பிறக்கும்போதே இரண்டுதான். அதற்கு மேலே குழாய் பருத்து, உள்பக்கம் நீளமாகக் கிழிந்திருந்தது. மேகநோயாக இருந்தால் குழாயின் உள்சுவர் மரப்பட்டை போலச் சுருங்கியிருக்குமாம். அண்ணனுடையது கிழிந்த இடம் தவிர வழவழவென்று இருந்தது.

"அப்போ அவரு வாயில சொன்னது நெசந்தானுங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"நெசந்தாம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் டாக்டர்.

அண்ணி அப்போதுதான் அழுதார்.

அப்பாவுக்கும் இதே கோளாறு இருந்திருக்குமோ, பிள்ளைகளுக்கும் வருமோ என்று நான் கேட்டேன். தனக்குத் தெரியவில்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பிறகு குழந்தைகளை வரவழைத்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், இப்போதைக்கு ஒன்றுமில்லை. நம் குடும்பத்தில் யாருக்காவது முதுகு கிழிகிற வலி வந்தாலோ, நெஞ்சில் அந்த இழுப்புக் கேட்டாலோ, காற்று அடித்தது என்று விட்டுவிடாதீர்கள்.

தன் தவறைத் தானே வந்து ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன அந்த டாக்டருக்கும், ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்துக்கொண்டவர்களுக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பை அணையவிடாத பக்கத்து வீட்டாருக்கும், யுத்தகாலக் காகிதப் பஞ்சத்திலும் இதை அச்சிட்டுக் கொடுத்தவருக்கும் எங்கள் நன்றி.

அன்று மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் இந்த மலர் வந்து சேரும், யாரையும் விடவில்லை. அண்ணன் சொன்னது நிஜம்தானே? படித்து முடித்ததும் நீங்களும் ஒரு தடவை தலையை ஆட்டிவிடுங்கள். எங்கள் அண்ணிக்கு அது போதும்.